இருபதாவது கிலோமீட்டர் மேசை

மடல் எண்: 7/2025
நாள்: 14 ஆகஸ்ட் 2025, வியாழக்கிழமை, காலை மணி 10.20
இடம்: புக்கிட் பெலிம்பிங், கோலா சிலாங்கூர்
பொருள்: 3.8.2025 ஓட்டத்தில் லோகேஸ்வரிக்குத் தண்ணீர் மறுக்கப்பட்டதும், அதன்மேல் இவ்வீடு எடுத்த முடிவும்

ரவீந்திரனுக்கு,

'அன்புள்ள' என்னும் சொல் மேலே இல்லாதது மறதியால் அன்று. நானும் உன் அம்மாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். உன் தங்கை புஷ்பாவும் அவள் பிள்ளைகளும் நலம். உன் நலத்தை விசாரிக்க வேண்டிய தேவை எனக்கு ஏற்படவில்லை. ஆகஸ்ட் 10, ஞாயிறன்று நீ பிரிஸ்பேன் ஆற்றங்கரையில் சைக்கிளைச் சாய்த்துவைத்து, கையில் எஃகுப் போத்தலோடு எடுத்துப் போட்ட படத்தைப் புஷ்பா தன் கைப்பேசியில் காட்டினாள். நூற்றைம்பது கிலோமீட்டர் மிதித்தும் முகம் வாடாமல் இருந்தாய். படத்தின் கீழே, தாகம் எடுத்த பிறகு குடிப்பவர் ஏற்கெனவே தாமதித்துவிட்டார் என்று ஊருக்கு அறிவுரை எழுதியிருந்தாய். அதே நாளில் உன் மனைவி லோகேஸ்வரி மருத்துவமனைக் கட்டிலில், தேக்கரண்டியால் வாயில் விட்ட தண்ணீரை விழுங்கத் தெரியாமல் கழுத்து வழியே வழிய விட்டுக்கொண்டிருந்தாள். இரண்டையும் ஒரே மாலையில் பார்க்க நேர்ந்தவன் எழுதும் கடிதம் இது என்பதை நினைவில் வைத்து மேலே படி.

வீட்டுச் செய்திகளை முதலில் எழுதிவிடுகிறேன். பிறகு அவற்றுக்கு இடம் இராது. ஜூலை 22 அன்று என் மேல்வரிசைப் பல் ஒன்றைப் பிடுங்கினார்கள், வீக்கம் வடிந்துவிட்டது. பின்வீட்டுக்காரரின் சாக்கடை இன்னும் நம் வேலிப்பக்கமே வழிகிறது. நகராண்மைக் கழகத்துக்கு இருமுறை எழுதியிருக்கிறேன். நீ அனுப்பிய பொட்டலம் ஜூன் 21, சனிக்கிழமை வந்து சேர்ந்ததை முன்பே தெரிவித்தேன். குளிர்ச்சியையும் சூட்டையும் காக்கும் கறுப்பு எஃகுப் போத்தல்கள் இரண்டு, ஒவ்வொன்றும் ஒரு லிட்டர். ஒன்றின் அடியில் சிறு நெளிவு. அவற்றை எப்படிக் கழுவுவது, பார்லித் தண்ணீரில் எவ்வளவு உப்பு, எவ்வளவு எலுமிச்சை, வெயிலில் ஓடுபவருக்கு எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை எத்தனை வாய் என்றெல்லாம் நீ அம்மாவுக்குக் குரல்செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தாய். அவளும் பாடம்போல் மனனம் செய்தாள். அந்தப் பாடத்தை நான் குறை கூறவில்லை. அது முற்றிலும் சரியான பாடம் என்று மருத்துவரும் சொன்னார். உன்மீதான என் குற்றச்சாட்டே அங்கேதான் தொடங்குகிறது.

நம் பழைய தோட்டத்துக் குடும்பங்களின் முப்பது கிலோமீட்டர் ஓட்டம் ஆகஸ்ட் 3, ஞாயிறன்று நடந்தது. உன் செய்தியில் 2 என்று குறித்திருந்தாய், அது தவறு. சுங்கை செம்பிலாங்கில் தொடங்கி, செம்பனைக் காடுகளின் உள்வழியாக வந்து, நம் புக்கிட் பெலிம்பிங் திடலில் முடியும் அதே பாதைதான். ஆறு மணிக்குத் தொடங்க வேண்டியதை, சங்கத் தலைவர் பேசியே ஏழாக்கினார். வெயில் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைத்தது. நீ இருமுறை ஓடியவன். ஆயினும் மூன்று ஆண்டு வெளிநாட்டு வாசத்தில் மறந்திருக்கலாம் என்பதால் நம் முறையை எழுதுகிறேன். ஓடுபவர் கையில் எதையும் எடுத்துச் செல்லக் கூடாது. பத்தாவது, இருபதாவது கிலோமீட்டர்களில் நீள மேசை போட்டிருக்கும். அங்கே அவரவர் வீட்டார் நின்று, தம் கையால் தம் ஆளுக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டும். வீட்டார் வராதவர்களுக்காக மேசையின் கோடியில் சங்கத்தின் தோங், அதாவது நீலப் பிளாஸ்டிக் தண்ணீர்ப் பீப்பாய் ஒன்றும், அகப்பையும் இருக்கும். அதில் குடிக்கலாம் என்று விதி இருக்கிறதே தவிர, மானமுள்ள எவரும் குடிப்பதில்லை. 2016-இல் பெண்டாட்டி கோபித்துக்கொண்டு வராமற்போனதால் தோங்கில் குடித்த அர்ச்சுனனை இன்றுவரை கடைத்தெருவில் தோங் அர்ச்சுனன் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவர் மகனின் திருமண அழைப்பைக் கொடுக்க வந்தபோதும் அப்படியே கூப்பிட்டார்கள். 2019-இல் நீ ஓடியபோது, மணமாகி நான்கு மாதமே ஆன லோகேஸ்வரி அதே இருபதாவது மேசையில் விடியுமுன்னரே போய் நின்றாள். நீ அவள் கையிலிருந்து வாங்கிக் குடித்ததை நான் பார்த்தேன்.

இவ்வாண்டு ஓடப்போவதாக அவளே முடிவு செய்தாள். நீ பிரிஸ்பேனில் உன்னோடு நீந்தி ஓடும் ஒரு பெண்ணை மணக்க இருப்பதையும், மணமுறிவு மனுவில் லோகேஸ்வரி கையெழுத்திட்டுவிட்டு இவ்வீட்டைவிட்டுப் போக வேண்டும் என்பதையும் ஏப்ரலில் எழுதினாய் அல்லவா, அதற்கு மறுவாரத்திலிருந்து அவள் ஓடத் தொடங்கினாள். மருந்துக்கடை வேலைக்குப் போகுமுன் ஒவ்வொரு காலையும் ஓடினாள். நீ மணக்க இருக்கும் அந்தப் பெண்ணைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆகையால் அவளைப் பற்றி ஒன்றும் எழுத மாட்டேன். ஆகஸ்ட் 3 விடியற்காலை உன் அம்மா நீ சொன்ன கணக்குப்படியே பார்லியும் உப்பும் எலுமிச்சையும் கலந்து, பனிக்கட்டி நிறையப் போட்டுக் கறுப்புப் போத்தலை மூடினாள். பத்தாவது மேசையில் அவளே நின்று கொடுத்தாள். லோகேஸ்வரி நான்கு வாய் குடித்துவிட்டு, மீதியை இருபதில் குடிக்கிறேன் அத்தை என்று சிரித்துக்கொண்டே போத்தலைத் திருப்பிக் கொடுத்ததாகப் புஷ்பா சொல்கிறாள்.

பிறகு புஷ்பாவின் காரில் இருபதாவது மேசைக்குப் போகும் வழியில் நீ அழைத்தாய். உன் அம்மா மகிழ்ச்சியோடு, எங்கே போகிறாள், எதற்குப் போகிறாள் என்று உன்னிடம் விவரித்தாள். கைப்பேசி காரின் ஒலிபெருக்கியில் இருந்தது. ஆதலால் நீ சொன்னதைப் புஷ்பா சொல் பிசகாமல் கேட்டாள். அவளை மூன்று தனித்தனி நாள்களில் சொல்லச் சொன்னேன். மூன்று முறையும் ஒரே வாசகம். "மா, நீ அவளுக்குத் தண்ணி குடுத்தா ஊரே பாக்கும் லா. நம்ம வீட்டு மருமகதான்னு நீயே சொல்லிக்குடுத்த மாதிரி. பேசாம நில்லு. தோங்ல குடிக்கட்டும், அப்பத்தான் புரியும்." அவளுக்குத் தண்ணீர் கொடுத்தால் டிசம்பரில் வீட்டுப்பக்கம் வரமாட்டேன் என்றும் சொன்னாய். வண்டியோட்டிக்கொண்டிருந்த புஷ்பா குறுக்கிட்டு, "அண்ணே, இருவதுக்கு அப்புறம் நிழலே இல்ல, எல்லாம் புதுக் கன்னு" என்றாள். அது உண்மை. சென்ற ஆண்டு மறுநடவு செய்த பகுதி. செம்பனைக் கன்றுகள் முழங்கால் உயரம், ஒருபக்கம் வாய்க்கால், மறுபக்கம் செம்மண். அதற்கு நீ சொன்னது: "தெரியும். முடியலன்னா நிக்கட்டும். யாரு ஓடச் சொன்னா?"

இருபதாவது மேசையில் நடந்ததைப் புஷ்பா முழுவதும் பார்க்கவில்லை. காரை நிறுத்தப் போயிருந்தாள். தோங்கின் பக்கத்தில் அகப்பையோடு நின்ற சங்கத்து வீரன் பார்த்தார். லோகேஸ்வரி ஒன்பதரை மணிவாக்கில் வந்தாள். வேகம் குறையவில்லை, சட்டை முழுதும் நனைந்திருந்தது. மேசையை நெருங்கும்போதே கையை நீட்டிவிட்டாள். உன் அம்மா போத்தலைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டாள். நீட்டிய கை நீட்டியபடியே கொஞ்ச நேரம் நின்றதாம். மேசையைச் சுற்றியிருந்த சனங்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ ஒருவர், ஆஸ்திரேலியா போத்தலை மருமகள் தொடக்கூடாதா சின்னத்தாய் என்று கேட்க, நாலைந்து பேர் சிரித்தார்கள். உன் அம்மா ஒரே ஒரு சொற்றொடர் சொன்னாள். "தோங் அங்க இருக்கு." லோகேஸ்வரி, "சரி, அத்தை" என்றாள். வீரன் அகப்பையில் மொண்டு நீட்டி, இதுவும் தண்ணிதான், வெசம் இல்ல, வாம்மா என்று கூப்பிட்டார். அவள் அவரைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்துவிட்டு வாய்க்கால் கரையில் ஏறி ஓடிவிட்டாள். புஷ்பா வந்து, அம்மாவின் கையிலிருந்து போத்தலைப் பிடுங்கிக்கொண்டு அண்ணி, அண்ணி என்று கத்தியபடி பின்னால் ஓடினாள். மூச்சு வாங்கிப் பாதியில் உட்கார்ந்துவிட்டாள். அந்தக் கரையில் கார் போகாது.

நான் திடலில் நேரக்காப்பாளனாக நின்றேன். பதினொன்று வரையில் அவள் வரவில்லை. வாய்க்காலுக்கு அப்பால் செம்பனைக் குலை ஏற்றப்போன லோரிக்காரர் ஒருவர், ஒரு பெண் கரையில் விழுந்து கைகால் வெட்டி இழுத்துக்கொண்டிருக்கிறாள் என்று செய்தி அனுப்பினார். எங்கே விழுந்தாள் என்று பிறகு போய்ப் பார்த்தேன்: இன்னும் மூன்று கிலோமீட்டர்தான் இருந்தது. மருத்துவமனையில் சேர்த்தபோது உடல் வெப்பம் நாற்பத்தொன்றரைப் பாகை. மேல்முழுதும் பனிக்கட்டி வைத்தார்கள். இரண்டு நாள் சிறுநீர் கறுப்புத் தேநீர்போல் வந்தது, சிறுநீரகம் பிழைத்தது. மூளையின் பின்பகுதி சூட்டில் வெந்துவிட்டது என்று மருத்துவர் எளிய சொற்களில் விளக்கினார். பேச்சு குழறுகிறது. எழுந்து நின்றால் ஆடுகிறாள்; சுவரைப் பிடித்துக்கொண்டுதான் கழிவறைக்குப் போகிறாள். ஓராண்டில் தேறலாம், தேறாமலும் போகலாம் என்கிறார்கள். ஓட்டம் என்ற பேச்சே இனி இல்லை. ஆகஸ்ட் 12, செவ்வாயன்று வீட்டுக்கு அழைத்துவந்தோம்.

மூன்றாம் தேதி இரவு நான் மருத்துவமனையிலிருந்து திரும்பியபோது அந்தப் போத்தல் சமையலறை மேசையில் கிடந்தது. நகர்த்தி வைக்கலாம் என்று எடுத்தேன். உள்ளே பனிக்கட்டி கலகலத்தது. விடியற்காலையில் போட்ட பனிக்கட்டி. பகல் முழுதும் வெயிலிலும் காரிலும் கிடந்தும் கரைந்து தீரவில்லை. மூடியைத் திறந்து விரலை விட்டேன், பல் கூசும் குளிர். உன் அம்மா அடுப்படியில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும், அதனால்தான் சொல்லவில்லை. அவளுக்கு நான் நற்சான்று எழுதுவதாக எண்ணாதே. மறைத்த கை அவளுடையது. எழுபத்திரண்டு வயதில், மகன் டிசம்பரில் வருவான் என்பதற்காக ஒரு பெண்ணின் தொண்டையை விலையாகக் கொடுத்தாள். அதை அவளிடமே சொல்லியும் விட்டேன், பிற்பாடு.

ஆனால் அவளுக்கும் உனக்கும் ஒரு வேறுபாடு உண்டு. ஒருவேளைத் தண்ணீர் தவறினால் என்ன நேரும் என்று அவளுக்குத் தெரியாது. நாக்கு வறளும், அவமானமாக இருக்கும், அவ்வளவுதான் என்று நினைத்தாள். நீ அப்படியல்ல. இருபது கிலோமீட்டர் ஓடி முடித்த உடம்பு எவ்வளவு வியர்வையை இழந்திருக்கும், அடுத்த பத்தை அது எதைக்கொண்டு ஓடும், தலை எப்போது சுற்றும், வியர்வை எப்போது நிற்கும் என்பதையெல்லாம் நீ மேடை போட்டுச் சொல்கிறவன். நம் குடும்பத்தில் இதை அறிந்தவன் நீ ஒருவனே. நிழல் இல்லை என்று தங்கை சொன்னபோது நீ சொன்ன முதற்சொல் 'தெரியும்' என்பது. அந்தச் சொல்லை நான் நம்புகிறேன். வேறு எவர் அதைச் சொல்லியிருந்தாலும் அறியாமை என்று மன்னித்திருப்பேன். அவள் சாக வேண்டும் என்று நீ நினைத்ததாக நான் எழுதவில்லை; நீ நினைத்ததைவிடக் கூடுதலாக நான் எதையும் எழுத மாட்டேன். அவள் ஊர் பார்க்கத் தோங்கில் குடிக்க வேண்டும், அல்லது ஓட முடியாமல் நின்று தலைகுனிய வேண்டும், அந்த வெட்கத்தில் வீட்டைவிட்டுப் போக வேண்டும் என்று நினைத்தாய். அவள் இரண்டையும் செய்யவில்லை. அது உன் கணக்கில் இல்லாதது.

மூன்றாம் தேதியே புஷ்பா உனக்குச் செய்தி அனுப்பினாள். ஆறாம் தேதி, புதன்கிழமை, நீ பதில் எழுதினாய்: வருந்துகிறேன், அவளை யாரும் வற்புறுத்தி ஓடவைக்கவில்லை, மனுவில் கையெழுத்து என்னவாயிற்று, வழக்கறிஞர் கேட்கிறார். அதைப் புஷ்பா என்னிடம்தான் காட்டினாள். நேற்று நான் அதை லோகேஸ்வரியிடம் படித்துக் காட்டினேன். மறைக்க வேண்டும் என்று புஷ்பா கெஞ்சினாள். இவ்வீட்டில் மறைத்தது போதும் என்று சொல்லிவிட்டேன். லோகேஸ்வரி கேட்டுவிட்டு, பேனா எங்கே மாமா என்றாள். சத்தியப் பிரமாண ஆணையரை வீட்டுக்கே வரவழைத்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட்டாள். ஒன்று கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது; ஆணையர் ஏற்றுக்கொண்டார். ஆகவே நீ கேட்ட ஒன்று உனக்குக் கிடைத்துவிட்டது. கோலா குபு பாருவிலிருந்து அவளுடைய அண்ணன் வந்து தன்னோடு அழைத்துப்போவதாகச் சொன்னார். அவள், நடக்க முடிந்தபின் தானே முடிவு செய்வதாகச் சொல்லி அனுப்பிவிட்டாள். அவர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, என் தங்கச்சிக்கு ஒரு வாய் தண்ணி கொடுக்க உங்க வீட்ல ஆள் இல்லையா என்று கேட்டார்.

உன் அம்மாவின் செய்தியையும் எழுதவேண்டும். லோகேஸ்வரிக்கு மொத்தமாகக் குடிக்க வராது, புரையேறும். மணிக்கு ஒருமுறை, நிமிர்த்தி உட்காரவைத்து, சிறு கரண்டியால் கொடுக்க வேண்டும். அதை உன் அம்மா செய்கிறாள். புஷ்பா செய்ய வந்தால் விடுவதில்லை. லோகேஸ்வரி வாயைத் திறந்து வாங்கிக்கொள்கிறாள். ஒரு சொல் குறை சொல்வதில்லை. நேற்று முன்தினம் உன் அம்மா தாங்காமல், "ஏண்டி, ஒரு வார்த்த திட்டேன்" என்று கேட்டாள். லோகேஸ்வரி நெடுநேரம் வாயைக் கூட்டிக் கூட்டி, "அத்தை, கரண்டிய நேரா புடிங்க" என்றாள். உன் அம்மா அடுப்படிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். அந்தக் கறுப்புப் போத்தல் இப்போது லோகேஸ்வரியின் தலைமாட்டில் இருக்கிறது. பொருளின்மீது எனக்குக் கோபம் இல்லை, நல்ல போத்தல், தன் வேலையைச் செய்கிறது.

இனி முடிவு. உன் அறையை லோகேஸ்வரிக்குக் கொடுத்துவிட்டோம். கழிவறைக்கு அருகில் இருப்பது அதுதான். டிசம்பர் 20 அன்று நீ வருவதாக எழுதியிருந்தாய். வர வேண்டாம். விமான நிலையத்தில் எவரும் நிற்க மாட்டார்கள். வாசற்கதவை எவரும் திறக்க மாட்டார்கள். இது உன் அம்மாவும் நானும் சேர்ந்து எடுத்த முடிவு. இன்னொன்று என் சொந்த முடிவு. எனக்கு எழுபத்தாறு முடிந்துவிட்டது. என் கடைசி மூச்சின்போது வாயில் ஊற்றும் தண்ணீர் மூத்த மகனான உன் உரிமை என்று உனக்குத் தெரியும். அந்த உரிமையை இன்றைய தேதியில் உன்னிடமிருந்து எடுத்துவிட்டேன். உன் கையால் ஒரு துளியும் என் நாக்கில் விழக்கூடாது. செய்தி கேட்டு ஓடிவந்தாலும் புஷ்பா உன்னை வாசலில் நிறுத்துவாள், அவளிடம் சொல்லியிருக்கிறேன். அந்தத் தண்ணீரை லோகேஸ்வரி ஊற்ற வேண்டும் என்று அவளிடம் கேட்டேன். மனுவில் கையெழுத்திட்டபின் அவள் எனக்கு எந்த முறையும் இல்லை; ஆதலால் கட்டளையாக அன்று, வேண்டுகோளாகவே கேட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்து, அதை அப்பப் பாத்துக்கலாம் மாமா, இப்ப நீங்க போய்ச் சாப்பிடுங்க என்று சொல் சொல்லாகக் கூட்டிச் சொன்னாள். அவள் மறுக்கவில்லை என்று நான் எடுத்துக்கொண்டேன்.

நீ செப்டம்பரில் பெரிய போட்டிக்குப் போவதாகப் புஷ்பா சொன்னாள். வெயிலில் உப்பும் தண்ணீரும் தவறாமல் எடுத்துக்கொள். உன்னோடு ஓடும் அந்தப் பெண்ணுக்கும் மறவாமல் கொடு. அவளுக்கும் ஒரு இருபதாவது கிலோமீட்டர் வரும். ஆசி கூறாமல் கடிதம் முடிக்கும் வழக்கம் எனக்கு இல்லை: உனக்கு நீண்ட ஆயுள் கிடைக்கட்டும், அதன் ஒவ்வொரு நாளிலும் நீ சொன்ன அந்த ஒற்றைச் சொல் உன் காதில் கேட்கட்டும். மனுவின் நான்காம், ஏழாம் பக்கங்களில் உன் கையெழுத்து விடுபட்டிருக்கிறது. செப்டம்பர் 15, திங்கட்கிழமைக்குள் உன் வழக்கறிஞருக்குப் பதிவஞ்சலில் அனுப்பிவை. எனக்குப் பதில் எழுத வேண்டியதில்லை.

இப்படிக்கு,
சி. செல்லையா
(ஓய்வுபெற்ற தோட்ட அலுவலகக் கிராணி)

இணைப்புகள்:

1. மணமுறிவுக் கூட்டு மனு, எட்டுப் பக்கம், லோகேஸ்வரியின் கையெழுத்துகளுடன்.

2. மருத்துவமனை அறிக்கையின் நகல், மூன்று பக்கம். உடல் வெப்பம் குறித்த வரியின்கீழ் சிவப்பு மையால் கோடிட்டிருக்கிறேன்.

3. உன் அறை அலமாரியின் சாவி. பொருள்கள் பெட்டியில் கட்டப்பட்டுப் புஷ்பா வீட்டில் உள்ளன.

4. கடிதத்தின் அடியில் உன் அம்மா வழக்கமாக எழுதும் இரண்டு வரி: இல்லை. பேனாவை நீட்டினேன். வாங்கினாள், மூடியைப் போட்டு மேசையில் வைத்தாள், லோகேஸ்வரிக்குத் தண்ணீர் கொடுக்கும் நேரமாயிற்று என்று சொல்லி எழுந்து போய்விட்டாள்.